ரயில் வராத கேட்டும் பிரகாசியம்மாளின் சீட்டாட்டமும்

நெடுவிளையில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய் வெகு காலமாகியிருந்தது. சின்னப் பாதை வண்டிகளை நிறுத்திப் பெரிய பாதையை வேறு ஊர் வழியாகத் திருப்பிவிட்ட பிறகு, இரும்பை ஒரு லாரியிலும் மரக்கட்டைகளை இன்னொரு லாரியிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சரளைக்கல்லை ஊர்க்காரர்களே வீட்டுக்கு அள்ளினார்கள். சிவப்பும் வெள்ளையும் அடித்த லெவல் கிராசிங் கேட்டை மட்டும், அது எந்தக் கணக்கில் சேரும் என்று யாருக்கும் தெரியாததால், ஆகாயத்தைப் பார்த்து நின்றபடியே விட்டுவிட்டார்கள். அதன் சக்கரம் துருவேறி, சக்கரத்துக்குள் ஒரு அணில் குடித்தனம் நடத்தி, அணிலும் போய்விட்ட பிறகு, ஒரு மத்தியானம் அந்தக் கேட் தானாக இறங்கியது.

அதற்கு முந்தின வாரம்தான் பிரகாசியம்மாளின் புருஷன் சவரிமுத்துவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்திருந்தது. சவரிமுத்து அந்தக் கேட்டில் வேலை பார்த்தே தலை நரைத்தவர்; வேலையில் இருக்கும்போதே அதன் பக்கத்தில் ஓட்டு வீடு கட்டிக்கொண்டு, வேலை முடிந்த பிறகும் அதை விட்டுப் போகாதவர். பூசைக்கு வந்த மகள் ரெஜினா மஸ்கட்டுக்கும் மகன் லியோன் புனேவுக்கும் திரும்பிவிட, வெறும் வீட்டில் ஒரு தம்ளர் கடுங்காப்பியை மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த பிரகாசியம்மாளை லியோன் போனில் கூப்பிட்டு, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டான்.

"சாப்ட்டாச்சுய்யா. மீன் கொழம்பு வச்சு நல்லா சாப்ட்டேன்" என்றாள் அவள்.

வெளியே மணி கிணுகிணுத்தது. கேட் நிதானமாக இறங்கி ரோட்டை மறித்தது. கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து அந்தக் காலத்துப் பாசஞ்சர் வண்டி வரும் சத்தம் கேட்டது. பிரகாசியம்மாளின் அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. டீசல் வாசமும் ஆரஞ்சுத் தோல் வாசமும் கருவாட்டுக் கூடை வாசமும் ஒன்றாகக் கலந்து வீசி, வந்த மாதிரியே போயின. வண்டிதான் இல்லை. கடைசிப் பெட்டியின் சத்தமும் தேய்ந்த பிறகு கேட் தூக்கிக்கொண்டது, நின்றிருந்த இரண்டு சைக்கிளும் ஒரு மாட்டு வண்டியும் ரோட்டைக் கடந்தன.

"என்னம்மா, வண்டிச் சத்தம் கேக்குது?" என்றான் லியோன்.

"தெரியலையேய்யா, எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள் பிரகாசியம்மா, கேட் மறுபடியும் இறங்கியது.

ஊர் இதைப் புரிந்துகொள்ள ரொம்ப நாள் எடுக்கவில்லை. கேட் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த செல்லையாதான் முதலில் கண்டுபிடித்தவர். பிரகாசியம்மாள் பிள்ளைகளிடம் போனில் பேசும்போது மட்டும், அதுவும் 'நல்லாருக்கேன், ஒரு குறையுமில்ல' என்று சொல்லும்போது மட்டும் கேட் இறங்குகிறது என்று அவர் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு சோதித்துப் பார்த்தார்கள். பலசரக்குக் கடைக்காரர் கேட்டுக்கு நேர் கீழே நின்று 'இது புது அரிசி' என்று மூன்று தரம் சொன்னார். பஞ்சாயத்து மெம்பர், வருகிற தையில் எல்லாத் தெருவுக்கும் தார் ரோடு என்று சத்தியமே பண்ணினார். கேட் அசையவில்லை. ஊரில் உள்ள மற்றப் பொய்யெல்லாம் அதற்குப் பழகிப்போயிருக்கும் என்றார்கள் சிலர். பங்குச்சாமியார் மட்டும், தன் வயிற்றைக் காயப்போட்டு இன்னொருத்தர் மனசை நிறைக்கச் சொல்லும் பொய்யைக் கடவுள் எந்தப் பக்கத்தில் எழுதுவார் என்று தனக்குத் தெரியவில்லை, தெரியாததைப் பிரசங்கத்தில் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ரயில்வே அதிகாரிகள் ஜீப்பில் வந்து பார்த்தார்கள். இல்லாத பாதையின் கேட் தங்கள் பொறுப்பில் வராது என்று சொல்லிக் கிளம்பும்போது பிரகாசியம்மாளுக்கு மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. ஜீப் கேட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அதிகாரிகள் செல்லையா கடையில் வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டபடி, தாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது போன வண்டியின் சத்தத்தைக் கேட்டு, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இல்லாத வண்டிக்குக் கையாட்டப் பழகினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை பிரகாசியம்மா மகன் போன் பண்ணுவதற்கு முன்னால் கேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று ராகுகாலத்தோடு அதையும் சேர்த்துப் பார்த்துக் கிளம்பினார்கள்.

அதைவிட, ஊர் அந்தக் கேட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டது. மத்தியானத்தில் இறங்கினால் பிரகாசியம்மா சாப்பிடவில்லை என்று அர்த்தம். செல்லையாவின் பெண்சாதி தங்கபுஷ்பம் ஒரு கிண்ணத்தைத் தட்டால் மூடி எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவாள். காலையில் இறங்கினால் முழங்கால் வலி. யாராவது தைலத்தோடு வருவார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் இறங்கினால் அது தனிமை; அதற்கு மருந்தில்லை என்பதால் இரண்டு மூன்று பெண்கள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு வந்து அவள் கூட உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் லியோன், "மாதா திருவிழாவுக்கு வாரேம்மா. திரும்பும்போது உன்னையும் கூட்டிட்டுப் போறேன். வீட்டைப் பூட்டிச் சாவியை யார்கிட்டயாவது குடுத்துருவோம். இனிமே நீ எங்கூடத்தான்" என்றான்.

பிள்ளைகளிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத பிரகாசியம்மா, "சந்தோஷமா வாரேன்யா" என்றாள்.

கேட் இறங்கியது. வண்டி போன பிறகும் தூக்கவில்லை. வண்டி மேல் வண்டியாகப் போனது, பாசஞ்சர் போனது, சரக்கு வண்டி போனது, வேளாங்கண்ணிக்கு விட்ட விசேஷ வண்டிகூடப் போனது, கேட் தூக்கவே இல்லை. நெல்லைக்குப் போகிற பஸ் நின்று நின்று பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தது. கண்டக்டர் நைனா முகம்மது இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"என்னக்கா, கேட்டு இம்புட்டு நேரம் கெடக்கு? அப்படி என்னத்தச் சொன்னீய?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்குப் போக மனசில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்; அப்போதுதான் கேட் தூக்கிக்கொண்டது. நைனா முகம்மது தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவள் புனேவுக்குப் போய்விட்டால் அவர் பஸ் இனி ஒரு நாளும் இந்த இடத்தில் நிற்க வேண்டியதில்லை; டிப்போவில் தினம் வாங்கும் ஏச்சு மிச்சம். அதை அவர் ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தார், நமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

"உங்க வீட்ல ஒரு வழக்கம் உண்டே அக்கா. அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கேன். சண்டைன்னு வந்தா சீட்டுதான்னு."

உண்டுதான். கேட் வீட்டில் சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கக் கூடாது. அடுத்த ஸ்டேஷனிலிருந்து வண்டி புறப்பட்டதைச் சொல்லும் போன் மணி கேட்காமல் போய்விடும். அதனால் சவரிமுத்து கல்யாணமான புதிதிலேயே ஒரு சட்டம் போட்டார்: ஒத்துப்போகாத ரெண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டு விளையாட வேண்டும், தோற்றவர் அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. ரெஜினாவை நர்சு படிப்புக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது அப்படித்தான் முடிவானது. லியோனைப் பள்ளிக்கூட விடுதியில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்திருந்ததும் அப்படித்தான். இந்த வீடு கட்டினதும் அப்படித்தான். புருஷனோடு விளையாடிய எல்லா ஆட்டத்திலும் பிரகாசியம்மாதான் ஜெயித்தாள். "கையில ஒண்ணுமில்ல பிரகாசி, வெறுங்கை" என்று அவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, வண்டிக்குக் கொடி பிடிக்க எழுந்து போகும் முதுகு அவள் கண்ணுக்குள் இன்னும் இருந்தது.

அன்று சாயங்காலம் அவளே மகனைக் கூப்பிட்டாள். "எய்யா, அப்பா போட்ட சட்டப்படி சீட்டு விளையாடி முடிவு பண்ணுவோம். நீ ஜெயிச்சா நான் வாரேன். நான் ஜெயிச்சா இங்கனயே இருக்கேன்."

லியோன் சிரித்தான். "நமக்கு இப்போ போக்கர்தாம்மா தெரியும். ரெண்டே பேர் விளையாடுறது. ஆபீஸ்ல போட்டி வச்சு நான் கப் வாங்கிருக்கேன். உனக்கு அதெல்லாம் வராது."

"படிச்சிக்கிடுதேன்" என்றாள் அவள். கேட் இறங்கவில்லை, அதிலிருந்து, அவள் நிஜமாகத்தான் சொல்கிறாள் என்று ஊருக்குத் தெரிந்துபோனது.

நைனா முகம்மது இளவயதில் கோவாவில் ஒரு ஓட்டலில், சீட்டு மேசைகளுக்கு டீ கொண்டு போய்க் கொடுத்துக்கொண்டிருந்தவர். முதுகுக்குப் பின்னால் நின்றே முழு ஆட்டத்தையும் படித்தவர். அவர் பஸ்ஸிலேயே பாடம் ஆரம்பித்தது. கேட் இறங்கும் நேரமெல்லாம் பிரகாசியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பஸ்ஸின் முன்சீட்டில் உட்காருவாள். டிக்கெட் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் சீட்டைப் பரப்புவார்கள். காய்க்குப் பதில் புளியங்கொட்டை. காசு வைக்காமல் விளையாடுவது பாவமில்லை என்று சாமியாரிடம் முன்னாலேயே கேட்டுக்கொண்டாகிவிட்டது.

"உங்க கையில ரெண்டு சீட்டு மறைவா இருக்கும். நடுவுல அஞ்சு சீட்டு எல்லாருக்கும் பொதுவா விரியும். சேத்துப் பாத்து யாரு பெருசோ அவங்க ஜெயிப்பு. ஆனா அது பெருசில்லக்கா. எதுத்தாப்புல இருக்கறவன் பயந்து சீட்டைக் கவுத்துட்டாலும் நீங்கதான் ஜெயிப்பு."

"நல்ல சீட்டு வாற வரைக்கும் நான் பொறுமையா இருப்பேன் தம்பி. பொறுமை எனக்கு நெறய உண்டு."

"அங்கதான் தப்பு! பத்துப் பேர் விளையாடுற எடத்துல பொறுத்திருக்கலாம். ரெண்டு பேர் ஆட்டத்துல ஒவ்வொரு தரமும் சீட்டைப் பாக்கறதுக்கு முன்னாலயே கட்டாயக் கொட்டை போடணும். நேரம் ஆக ஆக அது கூடிக்கிட்டே போகும். ராஜா ராணி வரட்டும்னு நீங்க உக்காந்திருந்தா, மழையில வச்ச உப்பு மாதிரி உங்க குவியல் கரைஞ்சிரும். வந்த சீட்ட வச்சித்தான் விளையாடணும். பாதிச் சீட்டு மட்டமாத்தான் வரும். அவனுக்கும் அப்படித்தான் வந்திருக்கும்."

பின்சீட்டிலிருந்து மீன்காரி ஒருத்தி, "வந்தத வச்சி ஓட்டுறது அவளுக்குச் சொல்லித் தரணுமாக்கும்? ஒரு சம்பளத்துல ரெண்டு பிள்ளைகளக் கரையேத்தினவ!" என்றாள். பஸ் சிரித்தது. பிரகாசியம்மாளும் சிரித்தாள்; அடுத்த ஆட்டத்தில் ஒரு மட்டச் சீட்டைக் கீழே போடாமல் வைத்துக்கொண்டாள்.

பிந்திப் பேசுகிறவருக்கு மேல்கை, ஏனென்றால் முந்திப் பேசுகிறவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்று படித்தாள். தன் சீட்டைப் பார்ப்பதைவிட எதிராளி முகத்தைப் பார்ப்பது பெரிசு என்று படித்தாள். ஒரு ஆட்டம் தோற்ற கோபத்தில் அடுத்ததை ஆடக் கூடாது என்று படிக்க அவசியமே இருக்கவில்லை. அவளுக்கு வராதது ஒன்றே ஒன்றுதான்: நல்ல சீட்டு வந்தால் உடனே கொட்டையைத் தள்ளினாள், கெட்ட சீட்டு வந்தால் தயங்கினாள்.

"தாமதிக்கறதும் காட்டிக் குடுத்துரும்க்கா. நல்லதோ கெட்டதோ, ஒரே அளவு நேரம் எடுக்கணும். மனசுக்குள்ள எண்ணிக்கிடுங்க."

பிரகாசியம்மா எண்ணவில்லை. ஒவ்வொரு தரமும் கையை நீட்டுவதற்கு முன்னால் மனசுக்குள் 'அருள் நிறைந்த மரியே' ஒரு தரம் முழுசாகச் சொன்னாள். அவள் சொல்லும் அருள் நிறைந்த மந்திரம் சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் ஒரே நீளம்தான். அதற்குப் பிறகு நைனா முகம்மதுவால் அவளைப் படிக்க முடியவில்லை.

மிச்சமிருந்தது வெறுங்கையோடு துணிந்து தள்ளுவது. அதற்குத்தான் பஸ் முழுக்கப் பயந்துகொண்டிருந்தது. அவள் பொய்யாகக் கொட்டையைத் தள்ளினால் கேட் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடாதா? ஒரு நாள் பஸ் ஊருக்குள்ளிருந்து கிளம்பும்போதே அவளை ஏற்றிக்கொண்டு வந்து, திறந்திருந்த கேட்டுக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினார்கள். எல்லோரும் ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டைப் பார்க்க, பிரகாசியம்மா சிலுவை போட்டுக்கொண்டு, கையில் ஒன்றுமில்லாமல், முன்னால் இருந்த மொத்தக் கொட்டையையும் தள்ளினாள். நைனா முகம்மது சீட்டைக் கவிழ்த்தார். கேட் ஆகாயத்தைப் பார்த்தபடியே நின்றது. டிரைவர் ஹாரனை அழுத்தினார். விளையாட்டில் ஏமாற்றுவது இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு செய்வது, அதைக் கேட் பொய்யாக எடுத்துக்கொள்ளவில்லை என்று செல்லையா விளக்கம் சொன்னார்.

லியோன் திருவிழாக் கொடியேற்றத்தன்று வந்தான். பெட்டியை வைத்துவிட்டு, "எப்படிம்மா இருக்க? முழங்கால் வலி எப்படி?" என்றான்.

"வலியா? அது எப்பவோ போச்சே" என்றாள். மணி கிணுகிணுத்தது. லியோன் வாசலுக்கு ஓடிவந்து, அப்பா தன் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றச் சொல்லிக்கொடுத்த அந்தச் சக்கரம் தானாகச் சுற்றுவதைப் பார்த்தான். இல்லாத வண்டி அவன் சட்டையைப் படபடக்க வைத்துக்கொண்டு போனது. அது அடங்குவதற்குள் தைலத்தோடு தங்கபுஷ்பமும் இன்னொருத்தியும் பின்வாசலில் வந்து நின்றார்கள்.

"எதுக்கு இது?" என்றான் அவன்.

"ஒங்கம்மைக்கு முட்டு வலில்லா. கேட்டு இறங்குச்சே, நீ பாக்கலியா?" என்றாள் தங்கபுஷ்பம், அவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற வருத்தத்தோடு.

திருவிழா முடிகிறவரைக்கும் அவன் அடிக்கடி போய் அந்தக் கேட்டடியில் நின்றான். அம்மாவைப் போனில் 'சாப்ட்டியா' என்று கேட்ட ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தான் போல.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் மத்தியானம் ஆட்டம். சவரிமுத்து கொடிகளும் விளக்கும் வைத்திருந்த பழைய மேசையை நடுவீட்டில் இழுத்துப் போட்டார்கள். புளியங்கொட்டையைச் சமமாக இரண்டு குவியலாகப் பிரித்தார்கள். ஊர் வீட்டுக்குள் வரவில்லை. அது மரியாதையில்லை என்று கேட் பக்கத்தில் நின்றுகொண்டது. பஸ்ஸும் நின்றது, கேட் திறந்திருந்தும்.

லியோன் நன்றாக விளையாடினான். முதலில் அம்மாவின் குவியல் பாதியானது. அவள் பதறவில்லை. கட்டாயக் கொட்டை கூடக் கூட, மட்டச் சீட்டுகளையும் விடாமல் பிடித்து, பிந்திப் பேசும் முறை வந்தபோதெல்லாம் தள்ளித் தள்ளிக் கொஞ்சம் மீட்டாள். "யாரும்மா உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?" என்று அவன் ஆச்சரியப்பட்டான். "நெல்லை பஸ்ஸு" என்றாள். பிறகு ஒரு நல்ல கையில் அவன் மறுபடியும் அவளைக் கரைத்தான். அடுத்த சில கட்டாயக் கொட்டைகளுக்கு மேல் அவள் குவியல் தாங்காது என்ற நிலை வந்தது.

அந்த ஆட்டத்தில் அவளுக்குக் கிளாவர் மூணும் டைமன் ரெண்டும் வந்தன. ரெண்டு பேர் ஆட்டத்தில் அதைவிட மட்டமான கை இல்லை என்று நைனா முகம்மது சொல்லியிருந்தார். நடுவில் இரண்டு ராஜாவும் ஒரு ஒன்பதும் ஒரு நாலும் ஒரு ஜாக்கியும் விரிந்தன. அவளுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. லியோன் ஒவ்வொரு சீட்டுக்கும் கொட்டையைக் கூட்டிக்கொண்டே வந்தான். அவன் சின்ன வயசில் தின்பண்டத்தை ஒளித்து வைத்திருக்கும்போது இடது காதைத் தொடுவான், இப்போதும் தொட்டான். அவனிடம் நல்ல சீட்டு இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பின்வாங்கினாலும் அடுத்ததில் கரைந்துவிடுவாள் என்பதும் தெரிந்தது. அருள் நிறைந்த மந்திரத்தை ஒரு தரம் சொன்னாள், எப்போதும் சொல்கிற அதே நீளத்தில், 'எங்கள் மரண நேரத்திலும்' என்ற இடத்தில் இந்த வீட்டுக் கூரையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள், ஆமென் சொன்னாள், மிச்சமிருந்த எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினாள்.

லியோன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு திறந்திருந்த பின்வாசலைப் பார்த்தான். அங்கே தங்கபுஷ்பம், கேட் இறங்கினால் கொண்டுவரலாம் என்று மூடிய கிண்ணத்தோடு வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெகு நேரம் பார்த்தான். தன் இரண்டு சீட்டையும் கவிழ்த்துக் கட்டுக்குள் செருகிக் கலைத்துவிட்டான்.

"என் கையில ஒண்ணுமில்லம்மா" என்றான். "வெறுங்கை. நீ ஜெயிச்சிட்ட."

மணி கிணுகிணுத்தது.

பிரகாசியம்மா வாயைத் திறந்திருக்கவில்லை. கேட் இறங்கும் சத்தம், கட்டை கொக்கியில் போய் விழும் சத்தம், ஊர் 'ஆ' என்று மூச்சு விடும் சத்தம் எல்லாம் கேட்டன. மேசை மேல் கொட்டைகள் நடுங்கத் தொடங்கின. தெற்கேயிருந்து வண்டி வந்தது, வீட்டை ஒட்டி நீளமாக, பெட்டி பெட்டியாகப் போனது, அவள் மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மேசையின் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்த அந்தக் கழுத்து அவன் அப்பாவின் கழுத்தாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பழைய மத்தியானங்கள் ஒவ்வொன்றாக வந்தன. "கையில ஒண்ணுமில்ல பிரகாசி, வெறுங்கை." ரெஜினாவின் படிப்பு, லியோன் வீட்டிலேயே தங்கினது, இந்தக் கூரை. ஒவ்வொரு தரமும் அவர் அப்படிச் சொல்லி எழுந்த பிறகு கேட் இறங்கத்தான் செய்தது. அந்தக் காலத்தில் வண்டி நிஜமாகவே வரும், அவர்தான் போய்ச் சக்கரத்தைச் சுற்றுவார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நேரம் தப்பி வந்த வண்டிகளை அவள் ஒரு தரம்கூடக் கேள்வி கேட்டதில்லை.

கலைந்த கட்டைப் புரட்டி அவன் சீட்டைத் தேட அவள் கை போகவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எய்யா, பசிக்குதா?"

"இல்லம்மா, பசிக்கல" என்றான் லியோன், தலையைத் தூக்காமல்.

அப்போதுதான் தூக்கத் தொடங்கியிருந்த கேட் பாதியில் நின்று மறுபடியும் தடாலென்று இறங்கியது. பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. "அக்கா! டைம் ஆவுது, யாராவது ஒருத்தர் உண்மையச் சொல்லுங்களேன்!" என்று நைனா முகம்மது கத்தினார்.

பிரகாசியம்மா சிரித்துவிட்டாள். லியோனும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவள் மேசையில் கையூன்றி எழுந்து, "முட்டு வலிக்குதுய்யா, கொஞ்சம் பிடி" என்றாள். பிள்ளைகளிடம் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் வந்து பிடித்துக்கொண்டான். "எனக்கும் பசிக்குது. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. ரெண்டு தட்டு எடுத்து வை."

வெளியே கேட் தூக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பஸ் கியர் மாற்றி, மெதுவாக, தண்டவாளம் இருந்த இடத்தில் வழக்கம்போல ஒரு குதி குதித்து, நெல்லை ரோட்டில் ஏறிப் போனது.